ஆளுக்கொரு இங்கிலீஷ்

மிஸஸ் டாட்ஸன் என் ஹெட்செட்டின் பிளக்கை டெலிபோன் பலகையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். காதுக்குள் இருந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோயிற்று. அவர் எப்போதும் வாயில் அடக்கி வைத்திருக்கும் பெப்பர்மின்ட் வாசனை மட்டும் வந்தது.

"ஏட்டி, நீ என்னையக் கேலி பண்ணுதியா?" என்று கேட்டார்.

சிட்னி ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் திருநெல்வேலித் தமிழ் பேசும் வெள்ளைக்காரியா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கத்து இங்கிலீஷ். அதை அச்சுத் தமிழில் எழுதினால் மிஸஸ் டாட்ஸன் ஏதோ பெண் தாசில்தார் மாதிரித் தெரிவார். அதனால் எங்கள் பாளையங்கோட்டைப் பேச்சிலேயே எழுதுகிறேன். அவருக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அறையில் இருந்த மற்ற இரண்டு ஆபரேட்டர்களும் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். 

"திங்கக்கிழமை முழுக்க நீ பேசுததை நான் கேக்கப் போறேன். ஒவ்வொரு போனையும். அதுக்குப் பொறவுதான் உன் நிரந்தர வேலைப் பாரத்துல எழுதுவேன்" என்றார் மிஸஸ் டாட்ஸன். பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சத்தியமாக நான் கேலி செய்யவில்லை. நான் செய்தது மரியாதை. அதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

கீழே சலவை, மேலே டெலிபோன்

போன வாரம் உங்களை அதே ஆஸ்பத்திரியின் நிலவறையில், சலவைக்கூடத்தில் விட்டிருந்தேன். சரித்திரத்தில் எம்.ஏ. படித்த நான், எட்டு மாதம் அங்கே படுக்கை விரிப்புகளை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். நீராவியில் மூக்குக் கண்ணாடி எப்போதும் மங்கியே இருக்கும். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிடும். வேலையில் இழிவு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் மடிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மாடியில் டெலிபோன் அறைக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்து எழுதிப் போட்டேன். மூன்று மாதம் தற்காலிகம். அது முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் திரும்பவும் நிலவறை. மேற்பார்வையாளர், மிஸஸ் டாட்ஸன்.

வேலை எளிது. எதிரே பெரிய பலகை, அதில் வரிசையாகத் துளைகள். ஒரு விளக்கு எரிந்தால் கம்பியைச் செருகிப் பேச வேண்டும், கேட்கிற வார்டின் துளையில் இன்னொரு கம்பியைச் செருக வேண்டும். முதல் நாள் நான் செய்த ஒரே தப்பு, தலையை ஆட்டியது. "குழந்தைகள் வார்டா?" என்று கேட்டவருக்கு, நம் வழக்கப்படி இரண்டு பக்கமும் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

பலகையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு. மேற்பார்வையாளர் தன் மேஜையிலிருந்து நம் பேச்சைக் கேட்கத் தொடங்கினால் அது எரியும். கேட்பது தெரிய வேண்டும் என்பது அங்கே விதி. நம் ஊரிலும் அப்படி ஒரு விளக்கு இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

அப்பாவின் ஜன்னல்

கேலி எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால், அப்பாவிடம் போக வேண்டும்.

அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். திருநெல்வேலி, மதுரை, ஈரோடு, தஞ்சாவூர் என்று தண்டவாளம் போகிற இடமெல்லாம் எங்கள் தட்டுமுட்டுச் சாமான்களும் போயின. டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து அப்பா ஆளுக்கொரு தமிழ் பேசுவார்.

கோயம்புத்தூர்க்காரர் வந்தால், "ஏனுங்க, ரெண்டு டிக்கெட்டுங்களா?" நாகர்கோவில்காரர் வந்தால், "வண்டி இப்ப வந்துரும், கேட்டேளா?" எங்கள் ஊர்க்காரர் வந்தால், "என்னவே, தனியாவா போறீரு?" மெட்ராஸ்காரரிடம் மட்டும் கொஞ்சம் பயந்து, அச்சுத் தமிழ் பேசுவார்.

யாரும் கோபித்துக்கொண்டதில்லை. "சாருக்கு எந்தூரு, நம்ம பக்கமா?" என்று கேட்டு, ஜன்னல் கம்பி வழியாக ஒரு வெள்ளரிப் பிஞ்சைக்கூட நீட்டுவார்கள். எதிரே நிற்பவரின் பேச்சிலேயே பேசுவது, எழுந்து நின்று உட்கார இடம் கொடுப்பதைப் போல, எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். நாங்கள் பிள்ளைகளும் அப்படியே வளர்ந்தோம். பள்ளிக்கூடம் மாறியதும் ஒரு மாதத்தில் பேச்சும் மாறிவிடும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் கப்பலேறி வந்து சிட்னியில் இறங்கினேன். அதைச் சுங்கத்தில் யாரும் சோதிக்கவில்லை.

டெலிபோன் அறையில் எனக்குக் கொண்டாட்டம். எலும்பு முறிவு டாக்டர் ஸ்காட்லாந்துக்காரர். வீடு என்பதை 'ஹூஸ்' என்பார், 'ர்' வந்தால் நாக்கை உருட்டி எடுப்பார். அவரிடம் நானும் உருட்டினேன். உள்ளூர் நர்ஸுகள் வாயை அதிகம் திறக்காமல் மூக்கு வழியாகப் பேசினார்கள். அவர்களிடம் நானும் மூக்கைப் பயன்படுத்தினேன். மிஸஸ் டாட்ஸன் பஸ்ஸை 'புஸ்' என்றார், கப்பை 'குப்' என்றார். அன்றைக்கு அவர், "தேத்தண்ணி ஒரு குப் குடிக்கியா?" என்று கேட்க, நானும் முகமெல்லாம் சிரிப்பாக, "ஒரு குப் குடிக்கேன்" என்று அவர் ராகத்திலேயே சொன்னேன்.

அப்போதுதான் பிளக்கைப் பிடுங்கினார்.

என் வீட்டுக்காரருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. திருச்சியில் என்ன இங்கிலீஷ் படித்தாரோ அதையே சிட்னியிலும் பேசினார், யாருக்காகவும் ஒரு எழுத்தை மாற்றவில்லை. "எனக்குப் புரியுது. அவங்களுக்குப் புரியலேன்னா அது அவங்க பிரச்சினை" என்பார். அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

புவனேஸின் குசினி

அந்தச் சனிக்கிழமை என் சிநேகிதி புவனேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, என் வயதுதான். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் பாஷையின் சரித்திரம் படித்தாள். குசினியில் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். திரும்பவும் அந்த நீராவிக்குள் போக முடியாது என்று அழுதேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை, அதாவது நாற்காலியை, பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரோ, அந்த மனிசியிட்ட அவவின்ர இங்கிலீசிலயே கதைச்சனீரோ?"

"ஆமா. மரியாதைக்குத்தான்."

"ஐயோ, உம்மட மரியாதை!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். "இஞ்ச பாரும். அவ பிழையாக் கதைக்கேல்லை. முந்தி இங்கிலாந்தில எல்லாரும் 'குப்' எண்டுதான் சொன்னவை. பிறகு லண்டன் பக்கத்து ஆக்கள்தான் 'கப்' எண்டு மாத்தினவை. வடக்கில மாத்தேல்லை. இப்ப மாத்தினவை, மாத்தாதவையப் பார்த்துச் சிரிக்கினம்."

அன்று அவள் சொன்னதையெல்லாம் நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். 'ர்' கதைதான் எனக்குப் பிடித்தது. ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் எல்லாரும் எழுதியிருந்த 'ர்'ரை எல்லாம் ஒழுங்காக உச்சரித்தார்களாம். பிறகு லண்டன்காரர்கள் மெல்ல மெல்ல அதை விழுங்கத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் விழுங்கவில்லை. சிட்னிக்குக் கப்பலேறியவர்களில் லண்டன் பக்கத்து ஆட்கள் அதிகம். அதனால் ஆஸ்திரேலியாவுக்கு 'ர்' வந்து சேரவே இல்லை. கடலில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்பதற்கு 'நேம்' என்கிறோமே, அது ஆதியில் 'நாம' என்பது போல ஒலித்ததாம். நம் நாமகரணம் மாதிரி. சில நூறு வருஷங்களில் அந்த 'நா' நழுவி 'நே' ஆனது. ஆஸ்திரேலியர்கள் அதோடு நிற்காமல் இன்னும் ஓர் அடி நகர்த்தி, 'நைம்' ஆக்கிவிட்டார்கள். இதை வைத்து இந்த ஊரில் புதிதாக வந்த எல்லாரும் சொல்கிற ஒரு ஜோக் இருக்கிறது. அதை நான் சொல்வதாக இல்லை. நீங்கள் குறைந்தது நாலு தரமாவது கேட்டிருப்பீர்கள்.

"உங்கட ஆக்கள் மட்டும் என்னவாம்?" என்றாள் புவனேஸ். "மெட்ராசில பழத்தைப் 'பயம்' எண்டினம். நீர் 'பளம்' எண்டுறீர். காற்றைக் 'காத்து' எண்டு மெல்லிசாக்கிப் போட்டியள். நாங்கள் இன்னும் காற்று எண்டுதான் சொல்லுறம்."

"பழத்தை நீங்களும் 'பளம்'னுதான் சொல்றீங்க" என்றேன் விடாமல்.

"அதை விடும்" என்றாள்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீர் மரியாதை எண்டு நினைச்சுக் கதைச்சனீர். அவவுக்கு உம்மட குரல் கேட்டிராது, சரோ. அவவைப் பார்த்து முந்தி ஆரோ சிரிச்சிருப்பினம். அதுதான் கேட்டிருக்கும்."

"அப்ப திங்கக்கிழமை நான் என்ன பண்றது?"

"உம்மட இங்கிலீசில கதையும்."

"என்னோட இங்கிலீஷ் எது?"

 "தேத்தண்ணி குடியும்" என்று கோப்பையை என் பக்கம் தள்ளினாள். அன்று கத்தரிக்காயில் உப்பு அதிகம். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

மஞ்சள் விளக்கு

திங்கட்கிழமை நான் உட்கார்ந்ததுமே விளக்கு எரிந்தது. எனக்குப் பின்னால், நாலு அடி தூரத்தில், மிஸஸ் டாட்ஸன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பென்சிலைச் சீவினார்.

என் இங்கிலீஷில் பேசத் தொடங்கினேன். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் ஒப்பித்த இங்கிலீஷ் அது. கலெக்டர் ஆபீஸ் கடிதம் போல வந்தது. வார்டு வார்டாகக் கம்பியைச் செருகினேன். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஒருவரும் நன்றி சொல்லிச் சிரிக்கவில்லை. ஸ்காட்லாந்து டாக்டர் என் குரலைக் கேட்டுவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். பின்னால் பென்சில் எதையோ எழுதும் சத்தம் கேட்டது.

பதினொரு மணி இருக்கும். என் பக்கத்து ஆபரேட்டர், "இந்தக் கிழவர் மூன்றாவது தரம் கூப்பிடுகிறார், என்ன சொல்கிறார் என்றே தெரியவில்லை, நீ எடு" என்று அழைப்பை என் பக்கம் தள்ளினாள்.

எடுத்தேன். வயதான குரல். முதல் இரண்டு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஸஸ் டாட்ஸனின் இங்கிலீஷ்தான், ஆனால் அதைவிட இரண்டு மடங்கு கெட்டி. அதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எம்மா, காலம்பற எம் பொண்டாட்டிய ஆம்புலன்ஸுல கொண்டு போனாவ. விழுந்துட்டா. எந்த வார்டுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ. அவ பல்செட்டு இங்கன கிளாஸுலயே கெடக்கு. அது இல்லாம அவ டாக்டர்கிட்ட வாயத் தொறக்க மாட்டா. எங்க வலிக்குன்னு சொல்லவே மாட்டா, ரோசக்காரி."

அவர் குரல் உடைந்தது. "நான் சொல்லுதது யாருக்கும் வெளங்கலையா?" என்றார்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். நிலவறையின் சோப்பு வாசனைகூட மூக்கில் வந்து போனது. ஆனால் டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறார். அப்பாவாக இருந்தால் என்ன செய்திருப்பார்?

"வெளங்குது, ஐயா. எனக்கு நல்லா வெளங்குது" என்றேன், அவர் பேச்சிலேயே. "அழாதியும். பைய உக்காரும். நான் கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு, ஊர்க்காரியைக் கண்ட மாதிரி, அவர் மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டினார். சிட்னிக்கு மேற்கே பென்டில் ஹில்லில் வீடு, கூட யாரும் இல்லை, மனைவிக்கு இடுப்பில் அடி. நான் ஒரு பக்கம் மூக்கால் பேசி நர்ஸிடம் வார்டைக் கண்டுபிடித்தேன். பாட்டியம்மா வாயைத் திறக்காததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை, பல்செட் இல்லாததுதான் என்று சொன்னேன். மறுபக்கம் கிழவரிடம், பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எந்த 'புஸ்'ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னேன்.

"நல்லா இரு தாயீ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. பெப்பர்மின்ட் வாசனை வந்தது. நான் திரும்பவில்லை.

மலைக்கு இந்தப் பக்கம்

"ஏட்டி," என்றார் மிஸஸ் டாட்ஸன். "'புஸ்' சரியாத்தான் சொல்லுத. ஆனா 'வார்டு'ன்னு சொல்லும்போது அந்த 'ர்' எதுக்கு? அது மலைக்கு அந்தப் பக்கம், லங்காஷயர்க்காரன் பேசுத பேச்சு. எங்க பக்கம் அந்த 'ர்' கெடையாது. அந்தப் பென்டில் ஹில்லும் அவன் ஊரு மலைப் பேருதான். நீ எங்களையும் அவனுவளையும் சேத்துக் கொழப்பிப்புட்ட."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் சிவந்திருந்தது.

"அந்த 'ர்' யாரோடதும் இல்லை, மிஸஸ் டாட்ஸன்" என்றேன். "அது என்னோடது. எழுதியிருந்தால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மாற்ற முடிகிறது, அதை மட்டும் விட முடியவில்லை."

 "அப்ப வச்சுக்கோ" என்றார்.

மத்தியானம் தேநீர் நேரத்தில் தானாகவே சொன்னார். பதினெட்டு வயதில், டெலிபோன் வேலைக்காக லண்டனுக்குப் போனாராம். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள், அவர் வாசித்த ஒவ்வொரு வார்த்தையையும் அவர் ராகத்திலேயே திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. கான்டீனில் தட்டுக் கழுவ அனுப்பினார்கள். கான்டீன் நிலவறையில் இருந்ததாம்.

"நீ ஒரு குப்புன்னு சொன்னதும் அவளுவ மூணு பேரும்தான் எனக்குக் கேட்டாளுவ" என்றார். "இன்னைக்கி முழுக்கக் கேட்டேன். காலம்பற நீ பேசுனது நல்லாவே இல்ல. மரக்கட்ட மாதிரிப் பேசுன. பழைய மாதிரியே பேசு."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவின் ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். அவர் பாரத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தாளில் ஒரு சொட்டுத் தேநீரும் விழுந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாலு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். முதல் தரம் என்னிடம் கேட்டு ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு, மிளகுத் தண்ணீருக்கா இத்தனை அமர்க்களம் என்றார். பிறகு ஜலதோஷம் பிடிக்கும்போதெல்லாம் காலி பிளாஸ்கோடு வருவார்.

பிறகு ஒரு வருஷம், லீவு போட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போனார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தரம். அவர் அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளிநாட்டு அழைப்பு என்று என் பலகையில் விளக்கு எரிந்தது. அங்கே அப்போது காலை நேரம். எடுத்தேன்.

"ஏட்டி, சரோஜினி." மிஸஸ் டாட்ஸன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"என்ன ஆச்சு? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. கடையில ஒரு பய என்னைய ஆஸ்திரேலியாவான்னு கேட்டுப்புட்டான். எம் பொறந்த தெருவுல வச்சு." சிரிக்கப் பார்த்தார். "இங்கன சின்னப் புள்ளைய எல்லாம் டெலிவிஷன்ல பேசுத மாதிரிப் பேசுதுவ. எங்கம்மை பேசுன மாதிரி ஒருத்தர் பேசக் காணும். நானும் மறந்துட்டேன் போலுக்கு. நீ கொஞ்சம் பேசுட்டி. எங்க ஊரு மாதிரிப் பேசு."

 அன்று மேற்பார்வை மேஜையில் புதிதாக வந்த வேறொரு அம்மாள் இருந்தார், வேலை நேரத்தில் சொந்த விஷயம் பேசினால் அவருக்குப் பிடிக்காது. பலகை மூலையில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

எரியட்டும் என்று நான் பேசினேன். அங்கே மழையா என்று கேட்டேன். காலையில் ஒரு குப் தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டேன். எந்த புஸ்ஸில் ஏறி அம்மாவின் கல்லறைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அழைப்புக்குக் கட்டிய மூன்று நிமிஷம் முடிகிற மணி அடித்தது.

"அந்த 'ர்' இன்னும் இருக்குட்டி" என்றார் மிஸஸ் டாட்ஸன். "பரவாயில்ல. பேசு."